2018-19 ஐ-லீக்: கோவைக்குக் கோப்பை வந்தும் ஏன் மேலே போகவில்லை?

வாசகர் கேள்வி, 19 ஜூலை 2025

இன்டர் காஷிதான் இந்த வருட ஐ-லீக் கால்பந்து சாம்பியன் என்று நேற்று தீர்ப்பு வந்துவிட்டது. அடுத்து மேல் லீக்கான ஐ.எஸ்.எல்.லுக்கு (இந்தியன் சூப்பர் லீக்) போகிறார்கள். 2019-இல் கோவையில் ஆடிய நம் சென்னை சிட்டியும் இதே ஐ-லீக்கை ஜெயித்ததே, அவர்கள் ஏன் போகவில்லை? எனக்குத் தெரிந்து அது இரண்டாம் டிவிஷன் கோப்பைதான். ஊர்ப் பாசத்தில் பெரிதாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

19 ஜூலை, இரவு

மறுக்கிறேன். அந்த சீசனில் ஐ-லீக் இரண்டாம் டிவிஷன் இல்லை. காகிதத்தில் அதுதான் நாட்டின் முதல் லீக். சாட்சி வேண்டுமென்றால், ஜெயித்தவர்களை ஆசியாவில் எங்கே அனுப்பினார்கள் என்று பாருங்கள். ஐ-லீக் சாம்பியனுக்கு ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று. ஐ.எஸ்.எல். சாம்பியனுக்கு அதைவிட ஒரு படி கீழே இருந்த ஏ.எஃப்.சி. கோப்பை. சென்னை சிட்டி 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்றது சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில். 2018-19 ஐ.எஸ்.எல். ஜெயித்த பெங்களூரு எஃப்.சி. போனது ஏ.எஃப்.சி. கோப்பைக்கு.

ஆக, மேலே ஏன் போகவில்லை என்றால், சட்டப்படி அவர்களுக்கு மேலே ஒன்றுமே இல்லை.

20 ஜூலை, காலை

நேற்று எழுதியது வக்கீல் பதில். தப்பில்லை, ஆனால் அதோடு நிறுத்தினால் கேட்டவருக்கு நியாயம் செய்ததாகாது.

காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு மைதானத்தில் நின்று பார்த்தால் வேறு கதை. 2014-இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது அது ஒரு குறுகிய காலத் திருவிழா. 2017-18-இல் இருந்து இரண்டு லீக்கும் ஒரே மாதங்களில் ஓட ஆரம்பித்தன. ஐ-லீக்கின் செல்லப்பிள்ளையாக இருந்த பெங்களூரு அந்த வருடம்தான் அந்தப் பக்கம் தாவியது. இந்திய அணி வீரர்களில் பெரும்பாலோர் அங்கே, விளம்பரம் அங்கே, பெரிய சம்பளம் அங்கே. ஐ-லீக்குக்கு மதியம் 2 மணி மேட்ச். 2018-19 சீசன் நடுவில் நேரடி ஒளிபரப்பையும் குறைத்தார்கள். கிளப் முதலாளிகள் அறிக்கைக்கு மேல் அறிக்கை விட்டார்கள், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

பெயர் முதல் லீக், நடத்தியது இரண்டாம் லீக் மாதிரி. உண்மையான இரண்டாம் டிவிஷனுக்காவது மேலே போக ஒரு வழி இருக்கும், ஐ-லீக்குக்கு அதுவும் இல்லை. பட்டம் ஒருவரிடம், சொத்து இன்னொருவரிடம் என்று பாகம் பிரித்த குடும்பம் மாதிரிதான் அந்த இரண்டு வருடமும் ஓடியது.

20 ஜூலை, மதியம்

ஒருவர் "சென்னை சிட்டி என்று பெயர் இருக்கிறது, கோவை கோப்பை என்று எப்படிச் சொல்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம். 2016-17-இல் நேரடி நுழைவில் ஐ-லீக்குக்கு வந்தபோது சென்னையில் ஆடினார்கள். அடுத்த சீசனில் கோவை நேரு ஸ்டேடியத்துக்குக் குடிவந்துவிட்டார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. வீட்டு மேட்ச் எல்லாம் வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிவந்தவர்கள் சத்தம் கேட்டு "உள்ளே என்னங்க நடக்குது?" என்று வாசலில் விசாரிப்பார்கள்.

அதைவிட வேடிக்கை இன்டர் காஷி. பெயரில் வாரணாசி, ஆடியது வங்காளத்துக் கல்யாணியில். நம் ஆட்கள் ஒரே மாநிலத்துக்குள்ளாவது இருந்தார்கள்.

20 ஜூலை, இரவு

சரி, சீசனைப் பற்றியே எழுதிவிடுகிறேன். இங்கே பாதிப் பேர் கடைசி நாளை மட்டும் பேசுகிறார்கள்.

11 அணிகள், ஆளுக்கு 20 மேட்ச். அதற்கு முந்தைய சீசனில் சென்னை சிட்டி அட்டவணையின் கீழ்ப்பாதியில் கிடந்த அணி. 2018-இல் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினின் கீழ்மட்ட லீக்குகளில் பந்து பாஸ் பண்ணப் பழகிய ஆட்களை எடுத்தார்கள்: கோல்கீப்பர் சான்டானா, தடுப்பில் எஸ்லாவா, நடுவில் சான்ட்ரோவும் நெஸ்டர் கோர்டில்லோவும், முன்னால் உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்சி. அக்டோபர் 26, முதல் மேட்ச், இந்தியன் ஆரோஸை 4-1 என்று அடித்தார்கள். மான்சி ஹாட்ரிக். கேலரியில் எண்ணிவிடலாம் போலத்தான் கூட்டம்.

எங்கள் பட்டறையில் (கணபதியில் பம்ப் செட் வேலை) இந்த அணியை யாரும் சீண்டவில்லை. கிரிக்கெட் ஸ்கோர் கேட்பார்கள், இதைக் கேட்க மாட்டார்கள். நவம்பரில் கொல்கத்தாவுக்கே போய் ஈஸ்ட் பெங்காலை 2-1 என்று ஜெயித்துவிட்டு வந்த பிறகுதான் மேஸ்திரி வாயைத் திறந்தார்: "ஏப்பா, அந்த ஃபுட்பால் பசங்க நல்லா ஆடறாங்களாமே." அதற்குப் பிறகு ஷிப்ட் மாற்றிக் கேட்பது கொஞ்சம் சுலபமானது.

எனக்குப் பிடித்தது மான்சி இல்லை. சொன்னால் அடிக்க வருவீர்கள், அவர் 21 கோல் போட்டவர். நான் பார்க்கப் போனது எட்வின் சிட்னி வன்ஸ்பாலை. சென்னைப் பையன். நடுவில் நிறுத்தினால் நடுவில், வலது ஓரத்துக்குத் தள்ளினால் வலது ஓரத்தில். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்வார். முதலில் யாரையோ தேடுகிறாரோ என்று நினைத்தேன். அப்புறம் புரிந்தது, அடுத்த பாஸ் எங்கே என்று முன்கூட்டியே பார்த்து வைக்கிறார். ஸ்பெயின்காரர்கள் செய்வதை அவர்களுக்குப் பக்கத்தில் நின்று ஒரு தமிழ்ப் பையன் செய்வதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. டிவியில் கேமரா பந்தின் பின்னால் ஓடும், இது தெரியாது.

21 ஜூலை

நெஸ்டர் பற்றி நான் எழுதவில்லை என்று கோபம். எழுதவில்லை, அவ்வளவுதான். அருமையான ஆட்டக்காரர், அடுத்த சீசனில் ஹைதராபாத்துக்குப் போனார், போன விதத்தில் தடையும் வாங்கினார். அந்தச் சண்டையை வேறு இழையில் போடுங்கள்.

22 ஜூலை

"கடைசி நாள் டிரா செய்திருந்தாலே போதும்" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது சரியில்லை. கணக்கு இது. கடைசிச் சுற்றுக்கு முன் சென்னை சிட்டி 40, ஈஸ்ட் பெங்கால் 39. அன்று ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலத்தை 2-1 என்று ஜெயித்து 42-க்குப் போய்விட்டது. நாம் டிரா செய்திருந்தால் 41. கோப்பை கொல்கத்தாவுக்கு.

சமமாக முடிந்தால் யாருக்கு என்ற கேள்விக்கு மட்டும் நமக்குச் சாதகம். ஐ-லீக்கில் புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசத்துக்கு முன் நேருக்கு நேர் மோதிய கணக்கைப் பார்ப்பார்கள். ஈஸ்ட் பெங்காலை அங்கேயும் 2-1, இங்கேயும் 2-1 என்று ஜெயித்திருந்தோம். இதனால் ஒரு விநோதம் நடந்தது, அதைக் கீழே எழுதுகிறேன்.

22 ஜூலை, இரவு

மார்ச் 9, 2019, கோவையில் மினர்வா பஞ்சாப். அதற்கு முந்தைய சீசனின் சாம்பியன்கள், ஆனால் அந்த வருடம் சரிந்து கிடந்தவர்கள்.

உண்மையில் அந்த நாளே தேவைப்பட்டிருக்கக் கூடாது. மார்ச் 1-ஆம் தேதி சர்ச்சில் பிரதர்ஸ் கோவைக்கு வந்தார்கள். ஜெயித்தால் அங்கேயே கோப்பை. 2-3 என்று தோற்றோம். வில்லிஸ் பிளாசா என்ற டிரினிடாட்காரரை அன்று யாராலும் பிடிக்க முடியவில்லை. சீசன் முடிவில் அவரும் மான்சியும் ஆளுக்கு 21 கோல் என்று சமமாக நின்றார்கள். அன்றைக்குக் கூட்டம் வெளியே வந்தபோது காந்திபுரம் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேச்சில்லை. இதே சர்ச்சில்தான் 2025-இல் இன்டர் காஷியோடு கோர்ட்டில் நின்றவர்கள்.

சரி, மார்ச் 9. உட்கார்ந்து சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை, மினர்வா கோல் போட்டுவிட்டது. மூன்றாவது நிமிடம், ரோலன்ட் பிலாலா. நேரு ஸ்டேடியத்தில் கேலரிக்கும் புல்லுக்கும் நடுவில் ஓட்டப்பந்தயத் தடம் இருக்கிறது, அதனால் தூரத்தில் எங்கோ நடப்பது போல இருக்கும். கோல் விழுந்ததே முதலில் பலருக்குப் புரியவில்லை. மினர்வா வீரர்கள் ஓடுவதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார்கள்.

எனக்குப் பக்கத்தில் பாலக்காட்டுக்காரர் ஒருவர். காதில் போன், மறுமுனையில் கோழிக்கோடு ஸ்டேடியத்தில் உட்கார்ந்திருக்கும் அவருடைய மச்சான். முதல் பாதி முழுக்க அவரிடம் ஒரே கேள்வி, நாலு வரிசைக்குப் பின்னால் இருந்தும் கேட்டார்கள்: "அங்க என்ன ஆச்சுங்க?" அவர் தலையை ஆட்டுவார்: "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல."

விநோதம் இதுதான். இடைவேளையில் நாம் 0-1 பின்தங்கியிருக்கிறோம், கோழிக்கோட்டில் 0-0. அந்தக் கணத்தில் அட்டவணை 40-40. நேருக்கு நேர் கணக்கில் நாம்தான் சாம்பியன். தோற்றுக்கொண்டே சாம்பியன். இதை எனக்குப் பின்னால் இருந்த ஒரு கல்லூரிப் பையன் நண்பர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தான், யாரும் நம்பவில்லை. "தோத்தா எப்படிடா கப்பு குடுப்பான்?" என்று அவனை ஓட்டினார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் இரண்டாவது தடவை விரல் விட்டு எண்ண வேண்டியிருந்தது.

இரண்டாம் பாதியில் பெனால்டி, மான்சி அடித்தார், 1-1. அப்புறம் கௌரவ் போரா. அசாம் பையன், தடுப்பாட்டக்காரர், கோல் போடுவது அவர் வேலையே இல்லை. 2-1 ஆக்கினார். கோழிக்கோட்டில் கோகுலமும் ஒன்று போட்டது. பாலக்காட்டுக்காரர் எழுந்து நின்று போனைத் தூக்கிக் காட்டினார், "கோகுலம் போட்டாச்சு!" முன்பின் தெரியாத ஆட்கள் அவரைக் கட்டிக்கொண்டார்கள். அப்புறம் ஈஸ்ட் பெங்கால் பெனால்டியில் சமன் செய்தது, பிறகு முன்னால் போனது. அவர் அதைச் சொல்லவே இல்லை. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டோம். இனி ஒரு கோல் வாங்கினால் கதை முடிந்தது.

கூடுதல் நேரத்தில் போரா இன்னொன்று. 3-1. ஒரு தடுப்பாட்டக்காரர் சீசனின் கடைசி நாளில் இரண்டு கோல் போட்டு நாட்டின் சாம்பியன் பட்டத்தை முடித்து வைத்தார். 43-க்கு 42.

23 ஜூலை

ஈஸ்ட் பெங்கால் ரசிகர் ஒருவர் (பெயர் பார்த்தால் தமிழர், ஊர் கொல்கத்தா சால்ட் லேக்) வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். அவருக்குப் பதில்: உங்கள் வருத்தம் நியாயம். தேசிய லீக்கை மூன்று முறை ஜெயித்த கிளப், 2007-இல் பெயர் ஐ-லீக் என்று மாறியதில் இருந்து ஒரு முறைகூட ஜெயிக்கவில்லை. ரியல் மாட்ரிட் இரண்டாம் அணியில் பயிற்சி கொடுத்த அலெஹாந்த்ரோ மெனெண்டெஸ், 2018 உலகக் கோப்பையில் கோஸ்டா ரிக்காவுக்கு ஆடிய ஜானி அகோஸ்டா, இத்தனை பேரை வைத்துக்கொண்டு ஒரு புள்ளியில் போனது. ஆனால் எங்களிடம் இரண்டு முறையும் தோற்றது யார்? அதில் ஒன்றை டிரா செய்திருந்தால் கோப்பை உங்களுடையது.

25 ஜூலை

ரியல் காஷ்மீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்த சீசனைக் கோவை கண்ணால் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

பள்ளத்தாக்கிலிருந்து ஐ-லீக்குக்கு வந்த முதல் அணி. வந்த முதல் சீசனிலேயே மூன்றாம் இடம். பயிற்சியாளர் டேவிட் ராபர்ட்சன், ஸ்காட்லாந்தில் அபர்தீன், ரேஞ்சர்ஸ் அணிகளுக்கு ஆடியவர். மகன் மேசன் அதே அணியில். ஸ்ரீநகரில் செயற்கைப் புல், சில நாள் பனியை ஒதுக்கிவிட்டு ஆட வேண்டும். கூட்டம் கோவையைவிடப் பல மடங்கு. கோப்பைக்கே போட்டியில் இருந்தார்கள்.

பிப்ரவரி 14 புல்வாமா தாக்குதல். நாலு நாள் கழித்து மினர்வா அங்கே ஆட வேண்டும். பாதுகாப்பு உறுதி எழுத்தில் வேண்டும் என்று சொல்லிப் போகவில்லை. ரியல் காஷ்மீர் ஆட்கள் ஜெர்சியோடு மைதானத்தில் இறங்கிக் காத்திருந்த படம் அப்போது பரவியது. ஈஸ்ட் பெங்கால் மேட்சை டெல்லிக்கு மாற்றினார்கள். அங்கே ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று ஜெயித்தது. ஸ்ரீநகரில், அந்தக் குளிரில், அந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஆடியிருந்தால் அந்த மூன்று புள்ளி சுலபமாகக் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம். மினர்வா போகாததைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வாரம் யார் என்ன முடிவு எடுத்திருந்தாலும் யாராவது திட்டியிருப்பார்கள்.

அந்த வருடம் கீழே இறங்கியது ஷில்லாங் லாஜோங். வெளிநாட்டு வீரர் ஒருவர்கூட இல்லாமல் இந்தியப் பையன்களை மட்டும் வைத்து ஆடினார்கள். துணிச்சல்தான். கடைசி இடம்.

26 ஜூலை

"ஐ.எஸ்.எல். அணியோடு மோதியிருந்தால் தெரிந்திருக்கும்" என்பவருக்கு: மோதினார்கள். கோப்பை வாங்கிய பிறகு புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பை. ஐ-லீக்கின் எதிர்காலம் என்ன என்று சொல்லாமல் ஆட மாட்டோம் என்று பல ஐ-லீக் கிளப்புகள் புறக்கணித்தன. சென்னை சிட்டி போனது. காலிறுதியில் எதிரே ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூரு எஃப்.சி. 2-1, சென்னை சிட்டிக்கு.

அரையிறுதியில் கோவாவிடம் 0-3. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் சொல்வீர்கள்.

29 ஜூலை

அப்புறம் என்ன ஆச்சு என்று புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள். சுருக்கமாக.

2019 தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் கிளப் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு எடுத்தது. எல்லாருக்கும் தலைகால் புரியவில்லை. அதே வருடம் அக்டோபரில் கோலாலம்பூரில் உட்கார்ந்து ஆசியக் கூட்டமைப்பு ஒரு பாதை வரைபடம் போட்டது. இனி ஐ.எஸ்.எல்.தான் முதல் லீக். ஐ-லீக் சாம்பியனுக்கு ப்ரமோஷன் 2022-23 சீசனில் இருந்து. அதாவது கோவை கோப்பையைத் தூக்கி ஏழு மாதத்தில் அந்த லீக்கையே கீழே இறக்கி வைத்தார்கள். முன்தேதியிட்டு யாருக்கும் எதுவும் இல்லை.

2019-20-இல் மான்சி பாதியிலேயே ஜப்பானின் நிகாடாவுக்குப் போனார். மோகன் பகான் கோப்பையை உறுதி செய்த சில நாளில் கொரோனா, லீக் நின்றது. பகான் ஐ.எஸ்.எல். அணியான ஏ.டி.கே.யோடு இணைந்து ஐ.எஸ்.எல். போனது. ஈஸ்ட் பெங்கால் முதலீட்டாளரைப் பிடித்து அதே வருடம் போனது. 2020-21 ஐ-லீக் மொத்தமும் வங்காளத்தில், கொரோனாவுக்காகப் பூட்டிய வளையத்துக்குள். கோகுலம் ஜெயித்தது. 2021-22 அணிகள் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் சாம்பியன், இப்போது பட்டியலில் பெயர் இல்லை. அந்தச் செய்தியைப் பட்டறையில் சொன்னபோது மேஸ்திரி, "அப்படியா, நான் அவங்க இன்னும் ஆடறாங்கன்னுல்ல நினைச்சேன்" என்றார். கோவைக்கு அது அவ்வளவுதான் உறைத்தது.

30 ஜூலை

அதைப் படித்துவிட்டு "அப்படியென்றால் ப்ரமோஷன் கொடுத்திருந்தால் கிளப் பிழைத்திருக்கும்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை.

முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 2019-இல் மேலே போயிருந்தால் கோவையில் ஐ.எஸ்.எல்., டிவியில் தினமும் பெயர், எட்வினும், இன்னொரு தமிழ்ப் பையன் ரோமாரியோவும் வெளியே போக வேண்டியிருக்காது. ஆனால் மேலே போவதும் பணம்தான். விமானம், ஓட்டல், மைதானத்துக்கு விளக்கு, இளைஞர் அணி, உரிமத்துக்குக் கேட்கும் அத்தனை காகிதம். ஐ-லீக் செலவையே இழுத்துப்பிடித்து ஓட்டியவர்களுக்கு அந்தச் செலவு எப்படித் தாங்கும்? மேலே இருக்கும் கிளப்புகளிலேயே பல நஷ்டம் என்கின்றன.

நான் சொல்வது இதுதான்: பிழைத்திருப்பார்களா என்பது வேறு. முயற்சி செய்து பார்த்துத் தோற்கும் வாய்ப்பாவது கொடுத்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் இப்ஸ்விச்சைப் பாருங்கள். 2022-23-இல் மூன்றாம் டிவிஷனில் இரண்டாம் இடம், மேலே. 2023-24-இல் சாம்பியன்ஷிப் என்ற இரண்டாம் டிவிஷனில் 96 புள்ளி, லெஸ்டரைவிட ஒன்று குறைவு, மறுபடி மேலே. பிரீமியர் லீக்கில் 22 புள்ளி எடுத்து அடுத்த வருடமே இறங்கினார்கள். தோற்றார்கள், ஆனால் மைதானத்தில் தோற்றார்கள்.

30 ஜூலை, இரவு

இப்ஸ்விச்சை இழுத்ததற்கு "கோவை எங்கே, இங்கிலாந்து எங்கே" என்று கேலி. சரி, ஐஸ்வாலை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-16-இல் கீழே இறங்க வேண்டிய அணி. கோவா கிளப்புகள் சில விலகியதால் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த சீசனே, 2016-17, சாம்பியன். வடகிழக்கிலிருந்து முதல் முறை. அவர்களுக்கும் மேலே இடமில்லை என்றார்கள். உண்ணாவிரதம் வரை பேச்சு போனது. ஆக கோவை இதில் மூன்றாவது. இடையில் மினர்வா.

மினர்வாவுக்கு மட்டும் பின்னால் ஒரு வட்டம் முடிந்தது. உரிமையாளர் மாறி, ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் என்று பெயர் மாறி, 2022-23-இல் ஐ-லீக் ஜெயித்து, களத்தில் ஜெயித்து ஐ.எஸ்.எல். போன முதல் அணி ஆனார்கள். அடுத்த வருடம் முகமதன் ஸ்போர்ட்டிங். கோவையில் 3-1 என்று தோற்ற அதே கிளப் நமக்கு முன்னால் மேலே போய்விட்டது.

2 ஆகஸ்ட்

இன்டர் காஷி விவகாரத்தைப் புரியும்படி எழுதச் சொல்கிறீர்கள். முயல்கிறேன்.

ஏப்ரல் 6, கடைசி நாள் முடிவில் சர்ச்சில் 40, இன்டர் காஷி 39. ஆனால் ஜனவரியில் நாம்தாரி அணியிடம் இன்டர் காஷி தோற்ற மேட்சில், மஞ்சள் அட்டைக் கணக்கில் தடையில் இருந்திருக்க வேண்டிய வீரரை நாம்தாரி இறக்கியது என்று புகார். ஒழுங்குக் குழு இன்டர் காஷிக்கு 3 புள்ளி என்றது. மேல்முறையீட்டுக் குழு இல்லை என்றது. சர்ச்சிலைச் சாம்பியன் என்று அறிவித்து கோப்பையையும் ஏப்ரலிலேயே கொடுத்துவிட்டார்கள். இன்டர் காஷி லோசானில் உள்ள விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய், ஜூனில் அந்த வழக்கை ஜெயித்தது. 42. அதற்குள் இன்னொரு வழக்கு: காயத்தால் அணிப் பட்டியலில் இருந்து பெயரை நீக்கிய மரியோ பார்கோவை இன்டர் காஷி மறுபடி பதிவு செய்தது செல்லுமா என்று. அதையும் ஜூலை 18-இல் ஜெயித்தார்கள்.

மைதானத்தில் ஏப்ரலில் முடிந்த சீசன், காகிதத்தில் ஜூலையில் முடிந்தது. 2019-இல் 43-க்கு 42 என்று மாலையிலேயே முடிந்துவிட்டது. இந்த விஷயத்தில் நாங்கள் அதிர்ஷ்டசாலிகள்.

அதைவிடக் கூத்து: ஜூலை 11-இல் ஐ.எஸ்.எல்.லையே நிறுத்தி வைத்திருப்பதாக அறிவித்துவிட்டார்கள். இந்தியக் கூட்டமைப்போடு போட்ட ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது, அப்போது புதிதாகக் கையெழுத்து ஆகியிருக்கவில்லை. இன்டர் காஷி ஏணியில் ஏறி வந்துவிட்டது, மேலே மாடி இருக்கிறதா என்பதுதான் அப்போது தெரியவில்லை.

4 ஆகஸ்ட்

"தமிழ்ப் பையன்கள் எத்தனை பேர் இருந்தார்கள்" என்ற கேள்விக்கு: எட்வினைச் சொல்லிவிட்டேன், அவர் 2019-இல் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். ரோமாரியோ ஜேசுராஜ் கோவா போனார். அஜித் குமார் பெங்களூருக்கு. முந்தைய சீசனிலேயே போனவர் மைக்கேல் சூசைராஜ், கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறைக்காரர், ஜாம்ஷெட்பூருக்கு. அவர் தம்பி ரெஜினும் சென்னை சிட்டியில் ஆடியவர். அந்தக் கடலோரத்தில், தூத்தூர்ப் பக்கம், கிரிக்கெட் பேச்சு எடுத்தால்தான் வித்தியாசமாகப் பார்ப்பார்கள். கொல்கத்தா ரசிகர்களுக்கு நந்தகுமார் சேகரைத் தெரியும். 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றி கோல் போட்டவர். அவரும் சென்னை சிட்டியில் ஆடிவிட்டுப் போனவர்தான்.

மேலே போன வீரர்களை எண்ணினால் கணக்கு நன்றாகவே இருக்கிறது. கிளப்புக்கு இல்லாத வழி வீரர்களுக்கு இருந்தது. இதை நான் முதல் நாளே எழுதியிருந்தால் கேள்வி கேட்டவர் பாதி சமாதானம் ஆகியிருப்பார்.

5 ஆகஸ்ட்

அவர் ஆகவில்லையாம். "அப்போ இரண்டாம் டிவிஷன்தான் என்று ஒத்துக்கொள்கிறீர்கள்" என்று எழுதியிருக்கிறார். இல்லை. 2018-19 முதல் டிவிஷன். 2019-20 முதல் இரண்டாவது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கடைசியாக நின்ற சாம்பியன் சென்னை சிட்டி. வேண்டுமென்றால் ஈஸ்ட் பெங்கால்காரரைக் கேளுங்கள், அவர் அதை இரண்டாம் டிவிஷன் என்று சொல்லட்டும், நான் விட்டுவிடுகிறேன்.